விண்டோஸ் 10 ஓடும் பழைய கணினியை என்ன செய்யலாம்?

2025 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் அன்றோடு நிறுத்திக்கொண்டது. மறுநாள் காலை அந்தக் கணினிகள் எல்லாம் வழக்கம்போலத்தான் ஆன் ஆயின. வேர்டு திறந்தது, பிரின்டர் ஓடியது, யூடியூப் பாடியது. இதனால் பலர் இந்தச் செய்தியைக் கண்டுகொள்ளவே இல்லை. இன்னொரு பக்கம், "இனி இது வேலைக்கு ஆகாது சார், புதுசு வாங்கிடுங்க" என்று சொல்ல ஆட்கள் காத்திருந்தார்கள். சும்மா விட்டுவிடுவதும் தவறு, உடனே தூக்கிப் போடுவதும் தவறு. நடுவில் நாலைந்து வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது விண்டோஸின் வயதைவிட, அந்தக் கணினியில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

விண்டோஸ் 10 வெளியானது 2015 ஜூலை 29இல். அந்த ஆண்டு மைக்ரோசாஃப்டின் ஜெரி நிக்சன் என்ற ஊழியர், இதுதான் விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று ஒரு மாநாட்டில் சொல்லப்போக, உலகம் முழுக்க அது தலைப்புச் செய்தியானது. இனிப் புதுப் பதிப்பே வராது, இதுவே காலத்துக்கும் புதுப்பிக்கப்படும் என்று பலரும் நம்பினார்கள். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்ததும் அந்தப் பேச்சு அடங்கிப்போனது.

ஆதரவு நின்றால் உண்மையில் எது நிற்கிறது?

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடும். அதில் பல பத்து ஓட்டைகள் அடைபடும். ஆதரவு முடிந்த இயங்குதளத்துக்கு அந்த மாதாந்திரத் திருத்தம் வராது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் இந்த "அவ்வளவுதான்" போகப் போகப் பெரிதாகும். விண்டோஸ் 11இன் உள்ளே இருக்கும் நிரலில் பெரும்பகுதி 10இலிருந்து வந்தது. 11க்கு ஒரு திருத்தம் வந்தால், திருத்தத்துக்கு முந்தைய கோப்பையும் பிந்தைய கோப்பையும் ஒப்பிட்டுப் பார்த்து, ஓட்டை எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆய்வாளர்களுக்கும் சரி, தாக்குதல்காரர்களுக்கும் சரி, இது பழகிய வேலை. அதே ஓட்டை 10இலும் இருந்தால், அது அடைபடாமல் அப்படியே கிடக்கும். ஆக, 11க்கு வரும் ஒவ்வொரு திருத்தமும் 10இல் எங்கே தட்டலாம் என்பதற்கு ஒரு குறிப்பாகிவிடுகிறது. முதல் மாதம் ஆபத்து அதிகமில்லை. ஒரு வருடத்தில் நிலைமை வேறு.

"ஆன்டிவைரஸ் இருக்கிறதே?" என்று கேட்பவர்கள் உண்டு. விண்டோஸ் 10இல் உள்ள டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் காவலாளி கையில் திருடர்களின் போட்டோக்களைக் கொடுப்பது வேறு, உடைந்த ஜன்னலைச் சரிசெய்வது வேறு.

அடைபடாத ஓட்டை என்ன செய்யும் என்பதற்கு 2017 மே 12இல் பரவிய வான்னாக்ரை நல்ல உதாரணம். சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது அது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனை அமைப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதிக்கப்பட்டன. அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. ஆதரவு முடிந்து மூன்று வருடம் கழிந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது அவசரத் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அதனால் எக்ஸ்பிதான் குற்றவாளி என்று பலரும் இன்றுவரை நினைக்கிறார்கள். பாதிக்கப்பட்டவற்றில் பெரும்பாலானவை உண்மையில் விண்டோஸ் 7 கணினிகள். அதற்கு அப்போது ஆதரவு இருந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாததுதான் பிரச்சினை. "அப்டேட் தொல்லை" என்று அதை நிறுத்தி வைத்திருப்பவர்கள், ஆதரவு முடிந்ததைப் பற்றிக் கவலைப்படுவதில் பெரிய அர்த்தம் இல்லை. அவர்களுக்கு அது என்றைக்கோ முடிந்துவிட்டது.

இந்தியாவில் இதே எக்ஸ்பி ஏடிஎம் இயந்திரங்களில் ரொம்ப காலம் ஓடிக்கொண்டிருந்தது. 2018 ஜூனில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, 2019 ஜூனுக்குள் எல்லா ஏடிஎம்களும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாறியாக வேண்டும் என்று படிப்படியான கெடு விதித்தது. எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது 2014 ஏப்ரலில். வங்கிகளே ஐந்து வருடம் இழுத்தடித்தன என்றால், வீட்டில் இருப்பவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

முதலில் பயாஸைத் திறந்து பாருங்கள்

விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் என்பது பெரிய தடை இல்லை. தடை மூன்று இடத்தில் வருகிறது: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், நம்பகமான நிரலை மட்டும் பூட் ஆகவிடும் செக்யூர் பூட், பிறகு பிராசஸரின் தலைமுறை. இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி ரைசன் என்றால் பொதுவாக 2000 வரிசையிலிருந்து. இன்டெல்லின் 8ஆம் தலைமுறை சந்தைக்கு வரத் தொடங்கியது 2017 ஆகஸ்டில். எனவே அதற்கு முந்தைய லேப்டாப் என்றால் பெரும்பாலும் தேறாது. உங்களுடையது எந்தத் தலைமுறை என்று தெரிய, மாடல் எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யு என்றால் 7ஆம் தலைமுறை, ஐ5-8250யு என்றால் 8ஆம் தலைமுறை. ஐ7-10510யு என்றிருந்தால் பத்து.

பிராசஸர் தேறி, டிபிஎம் மட்டும் இல்லை என்று கணினி சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். அசெம்பிள் செய்த பல கணினிகளில் அந்த வசதி பிராசஸருக்குள்ளேயே இருக்கும், பயாஸில் (கணினி ஆன் ஆனதும் விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புப் பகுதி) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும், ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர். இயக்கிவிட்டால் போதும். செக்யூர் பூட்டுக்காக ஹார்ட் டிஸ்க்கின் பகிர்வு முறையைப் பழைய எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்ற வேண்டி வரலாம். விண்டோஸிலேயே அதற்கான கருவி இருக்கிறது, கோப்புகள் அழியாது. இருந்தாலும் தொடுவதற்கு முன் ஒரு பேக்கப் எடுத்து வைத்துவிடுங்கள். பகிர்வு அட்டவணையோடு விளையாடும்போது கரண்ட் போனால் யாரும் உதவ முடியாது.

தேறினால் விண்டோஸ் 11 இலவசம். உங்களிடம் முறையான 10 இருந்தால் கூடுதலாக எதுவும் கட்ட வேண்டியதில்லை. இந்தக் கட்டுரையின் மீதி தேறாதவர்களுக்குத்தான்.

ஒரு வருட அவகாசம்

வழக்கமாக நிறுவனங்களுக்கு மட்டும் விற்கும் கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் இந்த முறை வீட்டுப் பயனர்களுக்கும் திறந்துவிட்டது. முந்தைய விண்டோஸ் எதற்கும் இப்படிச் செய்ததில்லை. காலம் 2026 அக்டோபர் 13 வரை. 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்ப் பணம் கட்டலாம். மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000 கொடுக்கலாம். அல்லது கணினி அமைப்புகளை அவர்கள் கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம். ஒரு கணக்கில் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம். 22எச்2 என்ற கடைசிப் பதிப்பு இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு இருக்க வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேர்வதற்கான இணைப்பு வரும். தாமதமாகச் சேர்ந்தாலும் விடுபட்ட திருத்தங்கள் வந்துவிடும்.

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி நாடுகளில், நுகர்வோர் அமைப்புகள் கொடுத்த அழுத்தத்துக்குப் பிறகு, கிளவுட் நிபந்தனை இல்லாமலே இலவசமாக்கினார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை. கேட்டவனுக்குக் கிடைத்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்த வருடம் இரட்டிப்பு, மூன்றாம் வருடம் அதற்கும் இரட்டிப்பு. தங்கள் காலத்தை மீறி நிற்பவர்களை நகர்த்தத்தான் இந்த விலை. பள்ளி, கல்லூரிகளுக்கு முதல் வருடம் 1 டாலர், அப்புறம் 2, பிறகு 4. கணினி ஆய்வகம் வைத்திருக்கும் பள்ளிகள் இதைக் கவனிக்கலாம். முப்பது கணினிகளுக்கு மூன்று வருடத்துக்கும் சேர்த்து 210 டாலர்தான்.

வீட்டில் ஒரு கணினியில் நெட்பேங்கிங், வருமான வரி, அலுவலக வேலை என்று எல்லாம் ஓடுகிறது, மாற்ற இப்போது பணமோ நேரமோ இல்லை என்றால், நான் முதலில் சொல்வது இதைத்தான். இது தீர்வு இல்லை. நிதானமாக யோசிக்கக் கிடைக்கும் நேரம்.

குறுக்கு வழிகள்

தகுதியில்லாத கணினியிலும் விண்டோஸ் 11ஐப் போட்டுத் தருகிறோம் என்று கடைகளில் சொல்வார்கள். முடியும். ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளால் பென்டிரைவ் தயாரிக்கும்போதே அந்தச் சோதனைகளை நீக்கிவிடலாம். நடைமுறையில் மாதாந்திரத் திருத்தங்கள் வந்துகொண்டும் இருக்கின்றன. ஆனால் வர வேண்டும் என்ற உரிமை உங்களுக்கு இல்லை என்று மைக்ரோசாஃப்ட் தெளிவாகவே எழுதியிருக்கிறது. வருடாந்திரப் புதுப் பதிப்பு தானாக வராது, ஒவ்வொரு முறையும் கையால் ஏற்ற வேண்டும். ஹோம், ப்ரோ பதிப்புகள் ஒவ்வொன்றுக்கும் ஆதரவு 24 மாதம் மட்டுமே. கடைக்காரர் ஒருமுறை போட்டுக் கொடுத்துவிட்டுப் போனால், இரண்டு வருடத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள், அதுவும் தெரியாமலே. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, சில பிராசஸர் கட்டளைகள் இல்லாத மிகப் பழைய கணினிகள் அடியோடு வெளியேற்றப்பட்டன. கணினியைத் தானே பராமரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது சரி. அப்பா அம்மா வீட்டுக் கணினியில் இதைச் செய்யாதீர்கள்.

எல்டிஎஸ்சி (நீண்ட கால ஆதரவுப் பதிப்பு) என்று இன்னொரு பெயர் அடிபடும். விண்டோஸ் 10இன் ஐஓடி எண்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 பதிப்புக்கு 2032 ஜனவரி வரை திருத்தங்கள் உண்டு. தொழிற்சாலை இயந்திரங்கள், பில்லிங் கவுண்டர்கள் போன்றவற்றுக்காக நிறுவனங்களுக்கு விற்பது அது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'கீ' எங்கிருந்து வந்தது என்று விற்பவரும் சொல்ல மாட்டார். கிராக் செய்த பதிப்பைப் பற்றிப் பேசவே வேண்டாம். பாதுகாப்புக்காக, யாரென்றே தெரியாதவர் மாற்றி எழுதிய நிரலுக்கு நிர்வாகி அனுமதி கொடுப்பதில் என்ன பாதுகாப்பு இருக்கிறது?

ஸ்லோவேனியாவைச் சேர்ந்த ஏக்ரோஸ் நிறுவனத்தின் ஜீரோபேட்ச் சேவை கொஞ்சம் வித்தியாசமானது. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் நினைவகத்திலேயே சிறு திருத்தத்தைச் செருகும். விண்டோஸ் 10க்கு ஐந்து வருடமாவது இதைத் தொடர்வதாக அறிவித்திருக்கிறார்கள். எல்லா ஓட்டைகளையும் அடைப்பதில்லை, ஆபத்தானவற்றை மட்டும்.

லினக்ஸ்

உங்கள் கணினியில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி பிரவுசருக்குள் நடக்கிறதா? மெயில், யூடியூப், வங்கி, ரயில் டிக்கெட், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு என்று? அப்படியானால் உங்களுக்கு விண்டோஸே தேவையில்லை. இதைத் தயக்கமில்லாமல் சொல்வேன். ஐந்தாம், ஆறாம் தலைமுறை ஐ3 லேப்டாப்பில் ரேமை 8 ஜிபி ஆக்கி, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான மின்ட்டை ஏற்றினால் இன்னும் பல வருடம் ஓடும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு. அது அடித்தளமாகக் கொண்ட உபுண்டு 24.04ஐ நேரடியாகவே போட்டு, உபுண்டு ப்ரோவில் இலவசமாகப் பதிவுசெய்தால் (ஐந்து கணினிகள் வரை) பாதுகாப்புத் திருத்தங்கள் 2034 வரை. விண்டோஸ் போன்ற தோற்றம் வேண்டும் என்பவர்களுக்கு ஜோரின் என்ற இன்னொரு லினக்ஸ் இருக்கிறது. அதன் 18ஆம் பதிப்பை வெளியிட அவர்கள் பிடித்த நாள் 2025 அக்டோபர் 14. குசும்புதான்.

லினக்ஸில் எனக்குப் பிடித்த வசதி, போடாமலே ஓட்டிப் பார்க்கலாம் என்பது. பென்டிரைவிலிருந்து பூட் செய்தால் ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் முழுச் சிஸ்டமும் வந்துவிடும். வைஃபை கிடைக்கிறதா, சத்தம் வருகிறதா, கேமரா வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கொஞ்சம் மெதுவாக இருக்கும், அது பென்டிரைவின் வேகம்.

இனி எங்கே இடிக்கும் என்று பார்ப்போம். பிரின்டர்தான் முதலில். எச்பி பிரின்டர்கள் பெரும்பாலும் உடனே வேலை செய்யும், அந்த நிறுவனமே லினக்ஸ் டிரைவர் வைத்திருக்கிறது. ஊரில் ஒவ்வொரு ஜெராக்ஸ் கடையிலும் இருக்கும் கேனன் எல்பிபி 2900, அதற்கு நேர் எதிர். அதன் மொழி கேனனுக்கே உரியது. டிரைவர் இருந்தாலும் நிறுவுவதற்குள் பொறுமை போய்விடும். டேலி விண்டோஸுக்காக எழுதப்பட்டது. கணக்கு எழுதும் அலுவலகம் லினக்ஸுக்கு மாறுவது வீண் தலைவலி. ஜிஎஸ்டி, கம்பெனிப் பதிவு போன்றவற்றுக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் செருகுபவர்கள், அந்த டோக்கனின் மென்பொருள் லினக்ஸில் ஓடுகிறதா என்று முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபீஸும் ஃபோட்டோஷாப்பும் நேரடியாக வராது. லிப்ரே ஆபீஸ் வேர்டு கோப்புகளைத் திறக்கும். சாதாரணக் கடிதத்துக்கும் பட்டியலுக்கும் பிரச்சினை இல்லை, சிக்கலான மேக்ரோ வைத்த எக்செல் என்றால் உதைக்கும்.

தமிழில் தட்டுவதற்குக் கவலை வேண்டாம். ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய டைப்ரைட்டர் என்று எல்லாம் இருக்கிறது. இலங்கையில் பழகிய ரெங்கநாதன் விசைப்பலகையும் உண்டு.

லினக்ஸ் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. பக்கத்தில் கேரளம் இதில் இன்னும் தீவிரம்: அங்கே அரசுப் பள்ளிக் கணினிப் பாடமே லினக்ஸில்தான் நடக்கிறது. ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர்களையும் பாடத்தையும் சேர்த்து மாற்றினால் அது நிற்கிறது. லேப்டாப்புக்குள் வைத்துக் கொடுத்துவிட்டால் மட்டும் நிற்பதில்லை.

பழைய கணினிகளுக்கு கூகுளும் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் என்று ஒன்றை இலவசமாகத் தருகிறது. பிரவுசர் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது லினக்ஸைவிட எளிது. எல்லா வேலையும் கூகுள் கணக்கின் வழியே நடப்பதில் உங்களுக்கு மறுப்பில்லை என்றால்.

ஆப்பிளின் மேக் கணினி வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஆப்பிள் முடிவுத் தேதியை முன்கூட்டி எழுதிக் கொடுப்பதில்லை. வழக்கத்தில் கடைசி மூன்று பதிப்புகளுக்குத் திருத்தம் வரும். இன்டெல் சிப் உள்ள மேக்குகளுக்கு 2025இல் வந்த மேக்ஓஎஸ் டாஹோ கடைசிப் பதிப்பு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

மாற்றவே முடியாத கணினிகள்

லேத் பட்டறையில் இயந்திரத்தோடு இணைந்திருக்கும் கணினி, ரத்தப் பரிசோதனைக் கருவியோடு வந்த கணினி, இவற்றின் மென்பொருள் பழைய விண்டோஸை விட்டு நகராது. நகர்த்தவும் தேவையில்லை. நெட் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். வைஃபையையும் அணைத்துவிடுங்கள். கோப்பு மாற்ற ஒரு பென்டிரைவ், அதை வேறு கணினியில் ஸ்கேன் செய்த பிறகே செருகுவது என்று ஒரு வழக்கம். மாதம் ஒருமுறை பேக்கப் எடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியாக வைப்பது. செருகியே வைத்திருக்கும் பேக்கப்பையும் சேர்த்துப் பூட்டிவிடுவது வான்னாக்ரை வகையறாக்களின் வழக்கம்.

நெட்டோடுதான் இருந்தாக வேண்டும் என்றால், அந்தக் கணினியில் பணம் சம்பந்தமான எதையும் செய்யாதீர்கள். வங்கி வேலை ஆதரவுள்ள ஒரு ஃபோனில் நடக்கட்டும். பிரவுசருக்கு அப்டேட் வரும் வரை ஓரளவு தாங்கும். அதுவும் ஒருநாள் நிற்கும். விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் குரோம் 2023 தொடக்கத்தில் 109ஆம் பதிப்போடு நின்றது.

டிடிபி கடைகளிலும் சிறு பதிப்பகங்களிலும் இருக்கும் கணினிகள் தனி ரகம். பேஜ்மேக்கர் 7 என்ற பக்க அமைப்பு மென்பொருள், பாமினி, வானவில் எழுத்துருக்கள், இருபது வருடத் திருமண அழைப்பிதழ்கள், ஊர் மலர்கள், கவிதைத் தொகுப்புகள். பேஜ்மேக்கரின் வளர்ச்சியை அடோபி 2004இலேயே நிறுத்திவிட்டது. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு அதற்குத் தெரியாது. தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010இல். அதற்கு முன்னும் பின்னும் தட்டிய ஏராளமான பக்கங்கள் அந்த எழுத்துரு இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத்தான் தெரியும். அந்தக் கணினியைத் தனியாக வைத்து ஓட்டிக்கொண்டிருங்கள், தவறில்லை. ஆனால் பேஜ்மேக்கர் கோப்புகளை, அடோபியின் இன்னொரு பக்க அமைப்பு மென்பொருளான இன்டிசைனின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள்தான் திறக்கும், அதற்குப் பிறகு வந்தவை திறக்காது. அந்தக் கணினி இன்னும் ஓடும் நிலையில் இருக்கும்போதே ஒவ்வொரு கோப்பிலிருந்தும் உரையை வெளியே எடுத்து, ஒரு கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கி, பக்க அமைப்புக்கு ஒரு பிடிஎஃப்பும் எடுத்து வையுங்கள். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் தட்டியது என்பதையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிட்டால், பிற்பாடு மாற்றுபவர் ஒவ்வொன்றாக ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.